டெக்தியாரோவ்: துலா பட்டறையில் தொடங்கியவர்



நம் சங்க மலர் என்றால் பென்னிகுயிக் பற்றி யாராவது எழுதியே தீருவார்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணியில் விளைந்த சோற்றைத் தின்று வளர்ந்த கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் நாம், நியாயம்தான். அவரும் ராணுவப் பொறியாளர். இந்தத் தடவை ராணுவத்துக்கு உழைத்த இன்னொருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் அணை கட்டவில்லை. மெஷின் கன் செய்தார். கொல்கிற கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் நம்ம பக்கமும் பட்டாளத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தோளில் சுமக்கும் எடையை எங்கோ ஒருவர் வரைபலகையில் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்.

வாசிலி டெக்தியாரோவ் 1880-இல் ரஷ்யாவின் துலா நகரில் பிறந்தவர். துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன ஊர். குடும்பமும் அதே தொழில். 11 வயதில் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டார். படிப்பு அதோடு சரி. 1901-இல் பட்டாளத்தில் சேர்த்தபோது ஆயுதப் பட்டறையில் போட்டார்கள். அங்கேதான் மாக்சிம் துப்பாக்கிகள் அவர் கைக்கு வந்தன. பிறகு ஃபெடோரோவ் என்ற படித்த அதிகாரியோடு சேர்ந்தார். அவர் வரைவார், இவர் இரும்பில் செய்து காட்டுவார். 1918-இல் இருவரும் கோவ்ரோவ் என்ற ஊருக்குப் போனார்கள். கடைசிவரை அதுதான் அவருக்கு ஊர்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது 1927-இல் ராணுவம் ஏற்ற டி.பி. என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி. தலைக்கு மேல் தோசைக்கல் மாதிரி ஒரு தட்டு, அதில் 47 தோட்டா. செய்வது சுலபம், சேற்றிலும் சுடும். ஆனால் குறையும் உண்டு. 47 தோட்டா சீக்கிரம் தீரும், தட்டைத் தூக்கித் திரிவது தொல்லை. ஸ்பிரிங்கைக் குழலுக்குக் கீழே வைத்ததால் சூட்டில் அது தளர்ந்தும் போகும்.

தோட்டாக்களைப் பெல்ட்டில் கோத்துவிட்டால் என்ன? மெக்கானிக்கல் தம்பிகள் கவனியுங்கள். பழைய ரஷ்யத் தோட்டாவுக்குப் பின்பக்கம் துருத்திய விளிம்பு உண்டு. பெல்ட்டிலிருந்து நேராக முன்னே தள்ள முடியாது. முதலில் பின்னால் இழுத்து, கீழே இறக்கி, அப்புறம்தான் குழலுக்குள் தள்ள வேண்டும். வேலை கூடினால் உறுப்பு கூடும், உறுப்பு கூடினால் எடை கூடும். சக்கர வண்டியோடு சேர்த்தால் மாக்சிம் 60 கிலோவுக்கு மேல்.

பெல்ட் விஷயத்தில் அவருக்கு அடி மேல் அடி. அவருடைய 12.7 மி.மீ. கனரகத் துப்பாக்கிக்குப் பெல்ட் பொறியை அமைத்துக் கொடுத்தவர் ஷ்பாகின் என்ற வேறொருவர். 1939-இல் ஏற்கப்பட்ட டி.எஸ். துப்பாக்கிக்குப் பெல்ட் உண்டு, ஆனால் அடிக்கடி மக்கர். 1941-இல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டுப் பழைய மாக்சிமையே மறுபடி செய்யத் தொடங்கினார்கள். போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது.

1943-இல் புதுத் துப்பாக்கி தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டியில் இருந்தவை அவருடையது ஒன்று, அதே கோவ்ரோவ் தொழிற்சாலையில் பிட்டராக வேலை பார்த்த கோர்யுனோவ் செய்தது ஒன்று. ஸ்டாலினுக்கு டெக்தியாரோவுடையது மேல் என்ற எண்ணம். சோஷலிச உழைப்பு வீரர் என்ற பட்டத்தை நாட்டிலேயே முதலில் பெற்றவர் ஸ்டாலின், 1940-இல் இரண்டாவதாகப் பெற்றவர் இவர், அவ்வளவு செல்வாக்கு. பேசாமல் இருந்திருந்தாலே போதும். ஆனால் கேட்டபோது, கோர்யுனோவின் துப்பாக்கிதான் சிறந்தது, அதையே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதுவே ஏற்கப்பட்டது. அந்த ஆண்டு முடியும் முன் கோர்யுனோவ் இறந்தும் போனார். நான் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன். பிட்டர் சொன்ன யோசனை மேலே போகப் போக யார் யார் பெயருக்கோ மாறுவதைப் பார்த்தவன். அதனால் இந்த இடத்தை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

அதே 1943-இல் விளிம்பு துருத்தாத, குட்டையான புதுத் தோட்டா ஒன்று வந்தது. பெல்ட்டிலிருந்து நேராக முன்னே தள்ளலாம். 60 வயது தாண்டிய மனிதர் மறுபடி உட்கார்ந்தார். 1944-இல் ஆர்.பி.டி. பிறந்தது. எடை 7.4 கிலோ. 50 தோட்டாக்கள் கொண்ட இரண்டு பெல்ட்டுகளை இணைத்து, 100 தோட்டாவையும் கீழே ஒரு வட்ட டப்பாவில் சுருட்டி வைத்தார். வெடித்த வாயு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். அதே ஓட்டத்தில் ஒரு நெம்புகோல் பெல்ட்டை ஒரு படி நகர்த்தும், தையல் மெஷினில் துணி நகர்கிற மாதிரி. தோசைக்கல் போனது, ஸ்பிரிங்கும் சூட்டிலிருந்து தப்பிப் பின்னால் போனது. ஒரு குறை: குழலைச் சட்டென மாற்ற முடியாது. விட்டு விட்டுத்தான் சுட வேண்டும்.

அது படைகளில் பரவியதை அவர் பார்க்கவில்லை. 1949 ஜனவரி 16-இல் காலமானார். அதன்பின் அது வியட்நாம், ஆப்பிரிக்கா என்று போகாத போர் இல்லை. எந்தப் பக்கம் யார் செத்தார்கள் என்று துப்பாக்கிக்குத் தெரியாது. 1960-களில் ரஷ்யர்கள் பெல்ட்டை விட்டு மறுபடி மேகசினுக்குப் போனார்கள். நம் ராணுவத்தின் இன்சாஸ் எல்.எம்.ஜி.யும் மேகசின் வகைதான். 2020 மார்ச்சில்தான் பெல்ட்டில் ஓடும் 16,479 நெகேவ் துப்பாக்கிகளுக்கு இஸ்ரேலிடம் இந்தியா ஆர்டர் கொடுத்தது.

கோவ்ரோவ் தொழிற்சாலை அவர் பெயரிலேயே இருக்கிறது. அங்கே பல வருஷம் துப்பாக்கியோடு மோட்டார் சைக்கிளும் செய்தார்கள்.