கடல் திருத்திய மனிதர்

பிரெஞ்சுக் கடற்படையின் இளம் அதிகாரி ழாக் கூஸ்தோ, கார் விபத்தொன்றில் சிக்கினார். கைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதால் விமானியாகும் கனவு கலைந்தது. கைகளுக்கு வலுவூட்டுவதற்காக மத்தியதரைக் கடலில் நீந்தத் தொடங்கினார். அங்கே நீச்சல் கண்ணாடி வழியே கண்ட காட்சி அவரது வாழ்வின் திசையையே மாற்றியது.

1943-இல் எமில் கான்யான் என்ற பொறியாளருடன் சேர்ந்து 'அக்வாலங்' என்ற சுவாசக் கருவியை அவர் உருவாக்கினார். மூச்சிழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடாகக் காற்றைத் தரும் வால்வே அதன் உயிர்நாடி. மேலிருந்து வரும் காற்றுக் குழாயை நம்பியிராமல், மனிதன் மீனைப்போல் திரிய வழி பிறந்தது.

பின்னர் 'கலிப்ஸோ' என்ற கப்பலில் கேமராக்களுடன் செங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் பயணமானார். செஷல்ஸ் கூட்டத்தைச் சேர்ந்த அஸம்ப்ஷன் தீவின் பவளப் பாறைகளிடையே, மனிதரோடு பழகிய பெரிய மீன் ஒன்றைப் படமாக்கினார். லூயி மாலுடன் இணைந்து இயக்கிய 'மௌன உலகம்' 1956-இல் கான் விழாவின் உயரிய விருதையும், அடுத்து ஆஸ்கரையும் வென்றது.

ஆனால், அதே படத்தை இன்று காண்போர் அதிர்ச்சியடைவர். மீன்களைக் கணக்கெடுப்பதற்காகப் பவளப் பாறையருகே வெடி வைக்கிறார்கள். கப்பலின் சுழலியில் அடிபட்ட திமிங்கிலக் குட்டியைத் தின்ன வந்த சுறாக்களை அடித்துக் கொல்கிறார்கள். தீவின் ஆமைகள்மீது ஏறி அமர்கிறார்கள். அக்காலத்தில் இவை பலருக்கும் பெருங்குற்றமாகத் தோன்றவில்லை.

கூஸ்தோவின் பெருமை அங்கேயே நின்றுவிடாததில்தான் இருக்கிறது. மத்தியதரைக் கடலில் அணுக் கழிவைக் கொட்டும் திட்டத்தை 1960-இல் எதிர்த்தார், அது கைவிடப்பட்டது. 1973-இல் கடல் பாதுகாப்புக்கெனத் தம் பெயரில் ஓர் அமைப்பை நிறுவினார். அண்டார்க்டிகாவில் சுரங்கம் தோண்டுவதற்கு எதிராகக் கையெழுத்து இயக்கம் நடத்தினார். 1991-இல் மாட்ரிட்டில் கையெழுத்தான உடன்பாடு அத்தகைய சுரங்கப் பணியைத் தடை செய்தது. 1997 ஜூன் 25 அன்று, 87-ஆம் வயதில் பாரிஸில் காலமானார்.

இன்று அந்தமானிலும் லட்சத்தீவிலும் சுற்றுலாப் பயணிகள் கேமராவுடன் கடலில் இறங்குகிறார்கள். அவர்கள் முதுகில் சுமப்பது கூஸ்தோ வகுத்த வழியில் வந்த கருவி. நல்லதொரு படத்துக்காகப் பவளத்தைப் பற்றிக்கொள்வதும் அதன்மீது கால் ஊன்றுவதும், ஆண்டுக்கணக்கில் வளர்ந்த உயிரை நொடியில் சிதைத்துவிடும். அவர் பல்லாண்டு கடந்து உணர்ந்த பாடம் நமக்கு முன்னரே கிடைத்திருக்கிறது. தெரியாமல் செய்தோம் என்று சொல்லும் வாய்ப்பு நமக்கு இல்லை.