சிறையில் வளர்ந்த கணக்கு

கோடை என்றதும் சுட்டெரிக்கும் வெயில்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், கோடையிலும் கரையாத பனிப்பாளங்கள் வட ஐரோப்பாவையும் வட அமெரிக்காவின் பெரும்பகுதியையும் மூடிக்கிடந்த காலங்கள் உண்டு. அவற்றைப் பனியுகங்கள் என்கிறோம். அவை ஏன் வந்தன, ஏன் சென்றன? இதற்கு விடை காண முப்பது ஆண்டுகள் உழைத்த மேதை மிலுடின் மிலன்கோவிச்சின் வாழ்வை இங்கே காண்போம்.

1879ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், தான்யூப் ஆற்றங்கரையிலுள்ள தால்ஜ் என்னும் ஊரில் செர்பியக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். எட்டு வயதில் தந்தையை இழந்தார். உடல் நலிவால் தொடக்கக் கல்வியை வீட்டிலேயே பெற்றார். எனினும் வியன்னாவில் பொறியியல் பயின்று, 1904இல் முனைவர் பட்டம் பெற்றார். பொறியாளராக நல்ல வருவாய் ஈட்டிவந்தவர், 1909இல் பெல்கிரேடு பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் பணியை ஏற்றார்.

1914இல் திருமணம் முடித்து, மனைவி கிறிஸ்தினாவுடன் சொந்த ஊருக்குச் சென்றிருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. அப்போது அவ்வூர் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. செர்பிய நாட்டுக் குடிமகன் என்பதால் அவர் சிறைப்பட்டார். ஆயினும் அவர் மனம் தளரவில்லை. கையோடு கொண்டுவந்த தாள்களை விரித்துச் சிறையறையிலேயே கணக்கைத் தொடர்ந்தார். மனைவி எடுத்த முயற்சியாலும் பழைய பேராசிரியர் ஒருவரின் பரிந்துரையாலும் புடாபெஸ்ட் நகரில் தங்க அனுமதி கிடைத்தது. அங்கே அறிவியல் கழக நூலகமே அவருடைய தவச்சாலை ஆயிற்று.

அவர் கண்ட உண்மை என்ன? சூரியனைச் சுற்றும் பூமியின் பாதை ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை சற்று நீண்டு குறுகுகிறது. பூமியின் அச்சுச் சாய்வு 41,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. அச்சு, சுழலும் பம்பரத்தைப் போலத் தள்ளாடவும் செய்கிறது. இவை மூன்றும் சேர்ந்து வடபுலத்துக் கோடையின் வெப்பத்தைக் குறைக்கும்போது, குளிர்காலப் பனி முழுதும் உருகாமல் எஞ்சுகிறது. ஆண்டுதோறும் எஞ்சும் சிறிதளவு பனியே காலப்போக்கில் மலையாகிறது. ஆகவே, பனியுகத்தைக் கொணர்வது கடுங்குளிர் அன்று. வெப்பம் குறைந்த கோடையே!

இம்மாற்றங்கள் உயிர்களின் வாழ்வையே மாற்றின. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சைபீரியாவும் அலாஸ்காவும் நிலத்தால் இணைந்திருந்தன. அவ்வழியே விலங்குகளும் மனிதரும் கண்டம் கடந்தனர். நம் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையேயும் அன்று கடல் இல்லை, நிலமே இருந்தது. பின்னர் பூமியின் தள்ளாட்டத்தால் பருவமழை பெருகியபோது, சகாரா பாலைவனம் புல்வெளியாகி நீர்யானைகளுக்கும் முதலைகளுக்கும் இல்லமாயிற்று.

1941இல் அவருடைய பெருநூல் அச்சாகிக்கொண்டிருந்தபோது, பெல்கிரேடு நகர்மீது குண்டுகள் விழுந்தன. அச்சகம் அழிந்தது, ஆயினும் அச்சான தாள்களில் பெரும்பாலானவை தப்பின. நூல் வெளிவந்த பின்னும் அறிஞர் பலர் அவர் கொள்கையை ஐயுற்றனர். 1958இல் அவர் மறைந்தார். 1976இல்தான், இந்தியப் பெருங்கடலின் அடியிலிருந்து எடுத்த சேற்றை ஆராய்ந்த அறிஞர் மூவர், அவர் கணித்த கால அளவுகள் அதில் பதிந்திருப்பதைக் கண்டு உலகுக்கு அறிவித்தனர்.

இன்று பூமி சூடாவதற்குக் காரணம் இவ்வான்சுழற்சி அன்று. நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயுமே. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த இவ்வுலகைக் காப்பது நம் கடமை என்பதை இக்கணக்கு நமக்கு உணர்த்துகிறது.

அன்பு மாணவியரே, விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை. ஆனால் விதை பழுதுபடவில்லை. பாராட்டை எதிர்பாராமல், சிறையிலும் போரிலும் தம் கடமையைக் கைவிடாத அப்பெரியாரின் வழியில், நமக்குத் தரப்பட்ட சிறு பணியையும் செவ்வனே செய்வோமாக!