சிகரத்தை அளந்தவருக்கு முன்னுரையில் இடமில்லை

புது தில்லி: உலகின் மிக உயர்ந்த சிகரம் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த அதிகாரியின் கீழ் பணியாற்றிய வங்காளக் கணிதவியலாளர் ராதாநாத் சிக்தாரின் பெயரோ, அவர் எழுதித் தந்த பகுதிகளைக் கொண்ட நூலின் முன்னுரையிலிருந்தே நீக்கப்பட்டது. நில அளவையாளர்களுக்கென்று ஒரு சங்கம் இந்தியாவில் இல்லாத காலம் அது. பணியாளர்களின் உழைப்பு சுரண்டப்பட்டபோதும், அறிவின் பயன் பறிக்கப்பட்டபோதும் முறையிடுவதற்கு அத்தொழிலில் இருந்தவர்களுக்கு ஓர் இடம் இருக்கவில்லை.

சிக்தார் 1813-ம் ஆண்டு அக்டோபர் மாதம் கொல்கத்தாவின் ஜோராசங்கோ பகுதியில் பிறந்தார். இன்று பிரசிடென்சி பல்கலைக்கழகமாக விளங்கும் இந்துக் கல்லூரியில் பயின்றார். மூட வழக்கங்களைக் கேள்விக்கு உள்படுத்தும்படி மாணவர்களைத் தூண்டிய டெரோசியோ அங்கு ஆசிரியராக இருந்தார். அவரைச் சூழ்ந்து உருவான இளம் வங்காள இயக்கத்தில் சிக்தாரும் ஒருவர். பேராசிரியர் டைட்லரிடம் உயர் கணிதம் கற்ற அவர், நியூட்டனின் நூலை இளம் வயதிலேயே ஆழ்ந்து படித்தார்.

நாட்டை முக்கோணங்களாகப் பகுத்து அளக்கும் மாபெரும் பணி, 1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ம் தேதி சென்னை பரங்கிமலை அருகே கர்னல் லாம்டனால் தொடங்கப்பட்டிருந்தது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், கோள முக்கோணவியலில் தேர்ந்த இளைஞர்களைத் தேடினார். டைட்லரின் பரிந்துரையின் பேரில் 1831 டிசம்பரில் சிக்தார் பணியில் சேர்ந்தார். அவரது பதவியின் பெயர் கம்ப்யூட்டர். அந்நாளில் அது ஓர் இயந்திரத்தைக் குறிக்கவில்லை. களத்தில் அளந்து அனுப்பப்படும் கோணங்களையும் தூரங்களையும் கொண்டு இரவு பகலாகக் கணக்கிடும் மனிதரைக் குறித்தது.

சில ஆண்டுகளில் எவரெஸ்ட் அவரைத் தவிர்க்க முடியாதவராகக் கருதத் தொடங்கினார். சிக்தார் துணை ஆட்சியர் பதவிக்கு மாற விரும்பியபோது, மேலதிகாரியின் இசைவின்றி அரசு ஊழியர் வேறு துறைக்குச் செல்லலாகாது என்று கூறி எவரெஸ்ட் அதைத் தடுத்துவிட்டார். திறமை பாராட்டப்பட்டது, ஆனால், அந்தத் திறமையே அவரது கால் விலங்காகவும் ஆனது.

சுமைதூக்கிகளுக்காக ஒரு வழக்கு

எவரெஸ்ட் ஓய்வு பெற்ற 1843-ம் ஆண்டிலேயே டேராடூனில் அந்தச் சம்பவம் நிகழ்ந்தது. அளவைத் துறையின் சுமைதூக்கிகளை மாஜிஸ்திரேட் வான்சிட்டார்ட் தமது சொந்த மூட்டைகளைச் சுமக்கச் செய்தார். அதிகாரிகள் பயணம் செல்லும்போது ஏழைகளை இவ்வாறு கட்டாய வேலை வாங்குவது அன்று வழக்கமாகவே இருந்தது. சிக்தார் அந்த மூட்டைகளைத் தடுத்து நிறுத்தினார். மாஜிஸ்திரேட்டுடன் நேருக்கு நேர் மோதல் ஏற்பட்டு, விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்றது.

முடிவில் சிக்தாருக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. தண்டனை பெற்றாலும், கட்டாய உழைப்பு என்னும் அநீதியை அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். கொல்கத்தாவில் அவரது பழைய நண்பர்கள் நடத்திய பெங்கால் ஸ்பெக்டேட்டர் பத்திரிகை அந்தச் செய்தியை வெளியிட்டது. அதைத் தவிர அவருக்குக் கிடைத்த ஆதரவு சொற்பமே.

பதினைந்தாம் எண் சிகரம்

எவரெஸ்டுக்குப் பின் தலைமை அளவையாளராக வந்த ஆண்ட்ரூ வாவின் காலத்தில் இமயமலைச் சிகரங்கள் கணக்கிடப்பட்டன. நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லாததால், 100 மைல்களுக்கு அப்பாலுள்ள சமவெளி நிலையங்களிலிருந்தே கோணங்கள் அளக்கப்பட்டன. பூமியின் வளைவையும், காற்றின் வெப்ப வேறுபாட்டால் ஒளி வளைந்து வருவதையும் கழித்த பிறகே உண்மையான உயரம் கிடைக்கும். ஆறு நிலையங்களின் அளவுகளிலிருந்து, பதினைந்தாம் எண் இடப்பட்ட சிகரத்தின் உயரம் 29,002 அடி என்ற முடிவு எட்டப்பட்டது. நேபாளமும் சீனாவும் 2020 டிசம்பரில் அறிவித்த 8,848.86 மீட்டருடன் ஒப்பிட்டால், வேறுபாடு ஏறத்தாழ ஒன்பது மீட்டர்தான்.

அந்த உயரம் 1856-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. தமக்கு முன் பதவி வகித்தவரின் பெயரைச் சிகரத்துக்குச் சூட்ட வா முன்மொழிந்தார். அந்த மலைக்குத் திபெத்தியர் வழங்கிய பெயர் இருந்தது. தமது பெயரைச் சூட்டுவதில் எவரெஸ்டுக்கே உடன்பாடு இல்லை. ஆயினும் லண்டனிலுள்ள அரச புவியியல் கழகம் 1865-ல் அந்தப் பெயரை உறுதி செய்தது.

சிக்தார் தலைமை அதிகாரியின் அறைக்குள் ஓடிச் சென்று கண்டுபிடிப்பை அறிவித்ததாக வழங்கும் கதையை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. அவர் 1849-லிருந்தே கொல்கத்தா அலுவலகத்தில் இருந்தார். இறுதிக் கணக்கீட்டில் டேராடூன் குழுவுக்கே பெரும் பங்கு உண்டு என்று கருதுவோரும் உளர். எனினும், தலைமைக் கணிப்பாளராக இருந்த சிக்தாரின் முறைகளும் பயிற்சியும் அப்பணியின் அடித்தளத்தில் இருந்தன. பலர் உழைத்த கணக்கில் யார் எதைச் செய்தார் என்ற சர்ச்சை தீராதிருப்பதற்கு, அடிநிலை ஊழியர்களின் பங்கைப் பதிவு செய்வதில் அன்றைய அரசு காட்டிய அலட்சியமும் ஒரு காரணம்.

நீக்கப்பட்ட பெயர்

நூல் விவகாரத்தில் இத்தகைய ஐயத்துக்கு இடமில்லை. துலியர், ஸ்மித் என்னும் இரு ராணுவ அதிகாரிகள் தொகுத்த நில அளவைக் கையேடு 1851-ல் வெளிவந்தது. அதன் முக்கியமான கணிதப் பகுதிகள் சிக்தாருடையவை என்பதை முதல் பதிப்பின் முன்னுரை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. மூன்றாம் பதிப்பு 1875-ல் வந்தபோது அந்த நன்றிக் குறிப்பு மறைந்துவிட்டது. அவரது கணிதம் மட்டும் நூலில் எஞ்சியது. துலியர் அப்போது நாட்டின் தலைமை அளவையாளர். பிரெண்ட் ஆஃப் இந்தியா என்ற ஆங்கிலப் பத்திரிகை 1876-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. அதைக் காண சிக்தார் உயிருடன் இல்லை. 1870-ம் ஆண்டு மே 17-ம் தேதி சந்தன்நகரில் அவர் காலமாகியிருந்தார்.

1852-லிருந்து கொல்கத்தா வானிலை ஆய்வகத்தின் கண்காணிப்பாளராகவும் அவர் பணியாற்றினார். 1854-ல் நண்பர் பியாரி சந்த் மித்ராவுடன் சேர்ந்து, பெண்களும் எளிதில் படிக்கத்தக்க வங்காள மொழி மாத இதழைத் தொடங்கினார். 1862-ல் ஓய்வு பெற்றபின் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். 1864-ல் ஜெர்மனியின் பவேரிய இயற்கை வரலாற்றுக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுப் பெருமைப்படுத்தியது.

இங்கிலாந்தின் நில அளவையாளர்கள் 1868-லேயே லண்டனில் தங்களுக்கென ஒரு சங்கத்தை அமைத்துக்கொண்டனர். 1881-ல் அது அரச சாசனமும் பெற்றது. சிக்தாரின் நாட்டில் இந்திய அளவையாளர் நிறுவனம் உருவாக 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட அது, தொழில்முறைத் தேர்வுகளையும் கருத்தரங்குகளையும் நடத்தி வந்துள்ளது. ஆனால், வழக்குரைஞர்களுக்கு 1961-லும் கட்டடக் கலைஞர்களுக்கு 1972-லும் தனிச் சட்டங்கள் வந்ததைப் போல, நில அளவையாளர்களின் தகுதியையும் பொறுப்பையும் வரையறுக்கும் மத்தியச் சட்டம் எதுவும் இயற்றப்படவில்லை.

இது அத்தொழிலைச் சேர்ந்தவர்களின் பிரச்னை மட்டுமன்று. 1956 வரை சென்னை மாநிலத்தில் இருந்து, பின் கேரளத்துடன் இணைந்த பாலக்காடு மாவட்டத்தின் எலப்புள்ளி போன்ற ஊர்களிலும், மலைகளால் சூழப்பட்ட இடுக்கி எல்லைப் பகுதிகளிலும் ஒரு குடும்பத்தின் உரிமை ஒரு சர்வே எண்ணைச் சார்ந்தே நிற்கிறது. கேரளம் 2022-ல் டிஜிட்டல் மறு அளவையைத் தொடங்கியது. தனியார் நிறுவனங்களும் தடையின்றி அளவைப் பணியில் ஈடுபட மத்திய அரசு 2021-ல் வழிவகுத்தது. கருவிகள் மாறினாலும், கோட்டை எங்கே இழுப்பது என்ற முடிவுக்கு ஒரு மனிதரே பொறுப்பேற்கிறார். செல்வாக்குள்ளவரின் நிர்பந்தத்துக்கு அவர் பணிய மறுத்தால், துணை நிற்க வலுவான அமைப்பு வேண்டும். அவரே தவறு செய்தால், விசாரிக்கவும் அமைப்பு வேண்டும்.

சிக்தாரின் உருவம் பொறித்த அஞ்சல் தலையை மத்திய அரசு 2004-ல் வெளியிட்டது. அவர் மறைந்து அப்போது 134 ஆண்டுகள் கடந்திருந்தன.