புயலின் வழி கண்ட பிடிங்டன்

நெல்லை வண்ணார்பேட்டையை ஒட்டித் தாமிரபரணி ஓடுகின்றது. வெள்ளக் காலத்தில் அங்கே எழும் நீர்ச்சுழி, தன்னுள் சுழன்றுகொண்டே ஆற்றோட்டத்தோடு நகர்ந்து செல்லும். கடலில் எழும் சூறாவளிக்கும் இவ்விரு இயக்கங்களும் உண்டு. வானில் வீசும் பெருங்காற்றோட்டம் அதனை ஏந்திச் செல்கின்றது. இவ்வுண்மையை வங்கக் கடலில் ஆராய்ந்து மாலுமிகளுக்கு உணர்த்தியவர் ஹென்றி பிடிங்டன் ஆவார்.

இவர் 1797ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தார். கப்பல் தலைவராகக் கீழைக் கடல்களில் உலவியபின் கல்கத்தாவில் வாழ்ந்தார். வில்லியம் ரீடு என்பார் 1838இல் வெளியிட்ட புயல் நூல் இவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதுமுதல், புயலில் அகப்பட்டு மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டலானார். எந்நாளில், எவ்விடத்தில், எத்திசைக் காற்று வீசியது என்பதைக் கடற்படத்தில் குறித்தார். குறிகள் பெருகப் பெருகப் புயலின் வடிவும் வழியும் புலனாயின.

வங்கக் கடற்புயல் இடஞ்சுழியாகச் சுழலும். பெரும்பாலும் மேற்கு அல்லது வடமேற்கு நோக்கி நகரும். சில வடக்கே திரும்பி வடகிழக்காகச் செல்லும். அங்கே காற்றுக்கு முதுகு காட்டி நிற்பவனுக்குப் புயலின் நடுவிடம் இடப்பக்கம் அமையும். இதனை அறிந்த மாலுமி நடுவிடத்தினின்று விலகித் தப்பலாம். மாலுமிகளுக்கென 1848இல் இவர் ஒரு நூல் வெளியிட்டார். கடற்படத்தின்மேல் வைத்துப் பார்த்தற்கு, காற்றின் திசைகள் வரையப்பெற்ற மெல்லிய கொம்புத் தகடுகளையும் அதனுடன் அளித்தார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று 'சைக்ளோன்' என்னும் பெயரைப் படைத்தவரும் இவரே.

கல்கத்தாவுக்குத் தெற்கே மாதலா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க அரசினர் எண்ணினர். புயற்காற்று கடல்நீரைத் திரட்டிக் கரைமேல் ஏற்றும். 1789இல் ஆந்திரக் கரையின் கோரிங்கா அவ்வாறே அழிந்தது. இதனை ஆராய்ந்திருந்த பிடிங்டன், மாதலாவுக்கும் அக்கேடு நேரும் என்று 1853இல் ஆளுநர் தலைவர் டல்ஹௌசிக்கு எழுதினார். அவர் சொல் ஏற்கப்படவில்லை. 1858இல் அவர் மறைந்தார். துறைமுகம் எழுந்து, கானிங் எனப் பெயர் பெற்றது. 1867 நவம்பரில் புயலும் அலையும் அதனைப் பாழ்படுத்தின.

1964 டிசம்பரில் இலங்கையைக் கடந்து வந்த புயலால் நம் தனுஷ்கோடியும் அழிந்தது. இன்று செயற்கைக்கோள்களின் துணையால் புயலின் வழி பல நாள் முன்னரே கணிக்கப்பெறுகின்றது. எனினும், எச்சரிக்கையை மதித்து நடப்பார்க்கே அவ்வறிவு காவலாகும். மாதலாக் கரை புகட்டும் பாடம் இதுவே.