வானவழி கண்ட வீரர்

இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தொலைவு என்றும் மாறுவதில்லை. ஆனால், அதனைக் கடக்கும் காலமோ மனிதனின் அறிவும் துணிவும் வளர வளரக் குறைந்துகொண்டே வருகிறது. பம்பாய்க்கும் இலண்டனுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 7,200 கிலோமீட்டர். முன்னாளில் கப்பலேறி வாரக்கணக்கில் சென்ற மக்கள், இன்று அதனை ஏறத்தாழப் பத்து மணி நேரத்தில் கடக்கின்றனர். இந்தியர்க்கு வானவழியைத் திறந்துவிட்ட பெருமக்களுள் முதன்மையானவர் ஜே. ஆர். டி. டாட்டா ஆவார்.

இவர் 1904 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29 ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். தந்தையார் இந்தியர், தாயார் பிரெஞ்சு நாட்டவர். 1909 ஆம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயை முதன்முதல் விமானத்தில் கடந்த பிளேரியோவின் இல்லம் இவர்கள் கோடையில் தங்கிய கடற்கரை ஊரில் இருந்தது. அங்கே விமானங்களைக் கண்ட சிறுவர் உள்ளத்தில் பறக்கும் வேட்கை வேரூன்றியது. 1929 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இந்தியாவில் வழங்கப்பெற்ற முதல் விமானி உரிமத்தை இவர் பெற்றார்.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறந்து முதலில் சேரும் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்தார். 1930 ஆம் ஆண்டு மே மாதத்தில் டாட்டா கராச்சியிலிருந்து இலண்டனை நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் இளைஞர் எதிர்த்திசையில் இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்தார். எகிப்து நாட்டில் அபூகீர் என்னும் இடத்தில் இருவரும் சந்தித்தனர். பொறியில் தீப்பொறி எழுப்பும் செருகிகள் பழுதுற்றமையால் ஆஸ்பி மேற்செல்ல இயலாது தவித்தார். போட்டியில் வெல்ல வேண்டுமாயின் டாட்டா வாளா சென்றிருக்கலாம். அவரோ, தம்மிடம் மிகுதியாக இருந்த செருகிகளை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பி சில மணி நேரம் முந்திச் சென்று பரிசைப் பெற்றார். அந்த இளைஞரே பின்னர், 1960 ஆம் ஆண்டில், இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார்.

1932 ஆம் ஆண்டு அக்டோபர் 15 ஆம் நாள் டாட்டா, அஞ்சல் மூட்டையுடன் கராச்சியிலிருந்து சிறு விமானம் ஒன்றில் தனியே கிளம்பினார். வழிகாட்ட வானொலிக் கருவி அதில் இல்லை. அகமதாபாத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, அன்று பிற்பகலே பம்பாய் சேர்ந்தார். அவருடைய நண்பர் நெவில் வின்சென்ட் அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அஞ்சலைக் கொண்டுவந்தார். இவ்வாறு தென்னாட்டிற்கு வானஞ்சல் வந்தது. இத்தொண்டிலிருந்தே ஏர் இந்தியா தோன்றியது. 1948 ஆம் ஆண்டு சூன் 8 ஆம் நாள் அதன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டனுக்குப் பறந்தது.

ஐம்பது ஆண்டுகள் கடந்து, 1982 இல் டாட்டா தமது எழுபத்தெட்டாம் வயதில் அதே கராச்சி–பம்பாய் வழியில் மீண்டும் விமானம் ஓட்டினார். 1992 இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 1993 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் நாள் மறைந்தார்.

நாடுகளுக்கு இடையே உள்ள காலத்தைக் குறைத்தது அவர்தம் துணிவு. மனிதர்க்கு இடையே உள்ள தொலைவைக் குறைத்தது அபூகீரில் அவர் காட்டிய ஈகை. பரிசை இழந்தும் பெருமையை இழவாத அவர் வாழ்வு நாம் போற்றத்தக்கது.