ஐந்து சென்ட் கட்டணமும் ஒரு பொருளியல் பேராசிரியரும்

நியூயார்க் நகரில் 1904-ஆம் ஆண்டு சுரங்க ரயில் ஓடத் தொடங்கியபோது அதன் கட்டணம் ஐந்து சென்ட். இரண்டு உலகப் போர்களும் இடையில் ஒரு பெருமந்தமும் வந்துபோன பின்னரும், 44 ஆண்டுகள் அக்கட்டணம் மாறவில்லை. ரயில்களை இயக்கிய தனியார் நிறுவனங்கள் தள்ளாடின. 1940-இல் அவற்றை நகர அரசே விலை கொடுத்து வாங்கியது. 1948-இல் கட்டணம் பத்து சென்ட்டாக உயர்ந்த பிறகும் பற்றாக்குறை தீரவில்லை.

இந்தச் சிக்கலை ஆராய மேயர் அமைத்த நிர்வாக ஆய்வுக் குழு, 1951-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இளம் பொருளியலாளர் ஒருவரை நாடியது. அவர்தான் வில்லியம் விக்ரி.

1914-இல் கனடாவின் விக்டோரியா நகரில் பிறந்த விக்ரி, யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் கொலம்பியாவில் பொருளியலும் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது மனசாட்சியின் பெயரால் ஆயுதம் ஏந்த மறுத்தார். அக்காலத்தில் போர்ட்டோ ரிக்கோவுக்கான வாரிசுரிமை வரித் திட்டத்தை வகுத்தளித்தார். பொதுச் செலவின் சுமையை யார், எந்த அளவில் தாங்குவது நியாயம் என்பதே வாழ்நாள் முழுவதும் அவரைத் துரத்திய கேள்வி.

கட்டணத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்று நகரம் கேட்டது. விக்ரியோ, எப்போது, எங்கே, யாரிடம் வாங்கலாம் என்று கேள்வியையே மாற்றினார். நண்பகலில் காலியாக ஓடும் ரயிலில் மேலும் ஒருவர் ஏறினால் நிர்வாகத்துக்கு ஏறத்தாழச் செலவே இல்லை. காலை நெரிசலில் கூடுதலாக வரும் பயணிகளுக்கோ புதிய பெட்டிகளும் பாதைகளும் தேவை. அவை எஞ்சிய நேரமெல்லாம் சும்மா கிடக்கும். ஆகவே, நேரத்துக்கும் தூரத்துக்கும் ஏற்பக் கட்டணம் வேறுபட வேண்டும் என்றார். பொருளியல் மாணவர்கள் இறுதிநிலைச் செலவு என்று படிக்கும் கோட்பாடுதான் இது. நுழையும்போது காசைச் செலுத்தி ஒரு வில்லையைப் பெற்று, வெளியேறும்போது பயணத்துக்கேற்ற மீதியைத் திரும்பப் பெறும் இயந்திரத்தையும் அவர் வகுத்துக் காட்டினார். கணினி பரவாத காலம் அது.

1952-இல் அளிக்கப்பட்ட அந்த அறிக்கையை அரசியல்வாதிகள் ஏற்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்பது கேட்பதற்குச் சமத்துவமாக ஒலிக்கும். மேலும், காலை எட்டு மணிக்கு வேலைக்குச் சென்றே ஆக வேண்டிய தொழிலாளியிடம் கூடுதலாக வாங்குவது முறையா என்ற கேள்வியும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

அதற்கான விடையின் முக்கியப் பகுதி சாலையில் இருந்தது. நெரிசல் வேளையில் மாநகரின் மையத்துக்குள் கார் ஓட்டி வருபவர், தம்மால் பிறருக்கு ஏற்படும் தாமதத்துக்கு எதுவும் கொடுப்பதில்லை. ரயில் பயணி மட்டும் ஏன் முழு விலை கொடுக்க வேண்டும்? 1959-இல் வாஷிங்டன் நகரப் போக்குவரத்தை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் முன், வாகனங்களை மின்னணுக் கருவிகளால் அடையாளம் கண்டு சாலைக் கட்டணம் வசூலிக்கலாம் என்று அவர் எடுத்துரைத்தார். அன்று அது வெறும் கற்பனையாகவே பார்க்கப்பட்டது.

ரயில் வருவதால் அதன் அருகிலுள்ள நிலத்தின் மதிப்பு உயர்கிறது; அந்த ஆதாயத்தின் மீது வரி விதித்துப் போக்குவரத்தின் நிலையான செலவை ஈடுகட்டலாம் என்பதும் அவர் தொடர்ந்து வலியுறுத்திய கருத்து. கட்டணப் பெட்டி மட்டுமே ஒரு பொதுப் போக்குவரத்தைத் தாங்க முடியாது என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

தாமும் புறநகரிலிருந்து ரயிலில் வந்து, நிலையத்திலிருந்து சக்கரக் காலணிகளில் பல்கலைக்கழகம் சென்றவர் விக்ரி. அவர் சொன்னதன் ஒரு பகுதியை 1975-இல் சிங்கப்பூர் செயல்படுத்தியது. மையப்பகுதிக்குள் நுழையும் கார்களுக்கு அங்கே கட்டணம் விதிக்கப்பட்டது. 2003-இல் லண்டனும் அவ்வழியில் சென்றது. அவருடைய நகரம் மட்டும் அசையவில்லை.

1996 அக்டோபர் 8-ஆம் தேதி ஜேம்ஸ் மிர்லீஸுடன் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஏலம், வரி ஆகியவை குறித்த கோட்பாட்டு ஆய்வுகளுக்கான பரிசு அது. கிடைத்த புகழை மக்கள் பிரச்னைகளைப் பேசப் பயன்படுத்த விரும்பினார். மூன்றே நாள்களில், கருத்தரங்கு ஒன்றுக்குக் காரில் செல்லும் வழியில் 82 வயதில் காலமானார்.

2025 ஜனவரி 5-ஆம் தேதி நியூயார்க் இறுதியாக நெரிசல் கட்டணத்தை நடைமுறைப்படுத்தியது. மன்ஹாட்டனில் 60-ஆவது தெருவுக்குத் தெற்கே பகலில் நுழையும் கார்களுக்கு ஒன்பது டாலர். இரவில் அதில் கால் பங்கு. அந்த வருவாய் பொதுப் போக்குவரத்தின் மேம்பாட்டுக்குச் செல்கிறது. சுரங்க ரயிலிலோ இன்றும் எந்நேரமும் ஒரே கட்டணம்தான்.

பொதுப் போக்குவரத்தின் பற்றாக்குறை பேசப்படும் இடங்களிலெல்லாம் கட்டண உயர்வே முதல் மருந்தாக முன்வைக்கப்படுகிறது. சாலையை இலவசமாக அடைத்துக்கொள்பவரும், நிலையம் வந்ததால் நிலமதிப்பில் செழித்தவரும் தம் பங்கைச் செலுத்திவிட்டார்களா என்று அதற்கு முன் கேட்க வேண்டும் என்பதே விக்ரியின் வாழ்க்கை விட்டுச்சென்ற பாடம். அந்தக் கேள்வியை ஏற்க நியூயார்க்குக்கு 73 ஆண்டுகள் தேவைப்பட்டன. மற்ற நகரங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.