எடிட்டிங் ஆப் இல்லாத காலத்தில் எஃபெக்ட் செய்தவர்: யார் இந்த தாதாசாகேப் பால்கே?

புதுச்சேரி தாவரவியல் பூங்காவில் புலி கிடையாது. ஆனா ‘லைஃப் ஆஃப் பை’ படத்தில் மிருகக்காட்சி சாலையாக வருவது அந்தப் பூங்காதான். ஆங் லீ இயக்கி 2012-ல் வெளியான அந்தப் படத்துக்காக 2011-ல் புதுச்சேரியில் படப்பிடிப்பு நடந்தது. படகில் பையனோடு வரும் புலி, பெரும்பாலான காட்சிகளில் கம்ப்யூட்டரில் உருவாக்கப்பட்டது. கடல் தைவானில் கட்டிய ஒரு தண்ணீர்த் தொட்டி. 2013-ல் படம் வாங்கிய 4 ஆஸ்கர்களில் ஒன்று விஷுவல் எஃபெக்ட்ஸுக்குக் கிடைத்தது. அந்தப் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனமோ, விருது விழாவுக்குச் சில நாட்கள் முன்னால் திவால் மனு போட்டிருந்தது.

திரையில் மாயம் காட்டியவர்களின் கையில் காசு நிற்காத கதை இந்திய சினிமாவுக்குப் புதுசு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் அதை முழுசாக அனுபவித்துவிட்டார். அவர் பெயரில்தான் இன்றைக்கு நாட்டின் உயரிய சினிமா விருது இருக்கிறது.

தாதாசாகேப் பால்கே என்றதும் ‘இந்திய சினிமாவின் தந்தை’ என்ற பட்டம் மட்டும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அவர் அடிப்படையில் ஒரு எஃபெக்ட்ஸ் ஆள் என்பதை அந்தப் பட்டம் மறைத்துவிடுகிறது.

இன்றைக்கு எடிட்டிங் சாஃப்ட்வேரில் இருக்கும் ரெடிமேட் எஃபெக்ட் போதவில்லை என்றால், எடிட்டர் என்ன பண்ணுவார்? லேயர், மாஸ்க், கீஃபிரேம் எல்லாவற்றையும் சேர்த்துத் தனக்கு வேண்டிய எஃபெக்ட்டைத் தானே கட்டிக்கொள்வார். பால்கே செய்ததும் அதுதான். என்ன ஒண்ணு, அவரிடம் சாஃப்ட்வேரும் இல்லை, மின்சார விளக்கு போட்ட ஸ்டுடியோவும் இல்லை. கையால் சுற்றும் ஒரு கேமரா, வெயில், ஒரு இருட்டு அறை. அவ்வளவுதான்.

ஓவியர், போட்டோகிராபர், மேஜிக் நிபுணர்

துண்டிராஜ் கோவிந்த் பால்கே 1870 ஏப்ரல் 30-ல் நாசிக் பக்கத்தில் உள்ள திரியம்பகத்தில் பிறந்தார். அப்பா சம்ஸ்கிருத பண்டிதர். பையன் 1885-ல் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார், பிறகு பரோடா கலாபவனில் படித்தார். ஓவியம், சிற்பம், போட்டோ, அச்சு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கற்றுக்கொண்டார்.

கோத்ராவில் போட்டோ ஸ்டுடியோ வைத்தார். ஊருக்குள் பிளேக் வந்தது. முதல் மனைவியும் குழந்தையும் இறந்துபோனார்கள். பரோடாவுக்குத் திரும்பி மறுபடி ஸ்டுடியோ போட்டால், போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஜனங்கள் பக்கத்தில் வர பயந்தார்கள். அந்தக் காலத்தில்தான் ஒரு ஜெர்மன் மேஜிக் நிபுணரிடம் வித்தை கற்றுக்கொண்டார். பிற்பாடு மேடையும் ஏறினார். மேடைப் பெயர் புரொபசர் கேல்பா. பால்கே என்ற பெயரை மராத்தியில் திருப்பி வாசித்தால் வருவது அது.

மேஜிக் நிபுணர் சினிமாவுக்கு வருவது தற்செயல் இல்லை. பாரிஸில் ஜார்ஜ் மெலியே என்பவரும் மேடை வித்தைக்காரர்தான். கேமராவை நிறுத்தி, ஆளை மாற்றி, மறுபடி ஓடவிட்டால் ஒருத்தர் இன்னொருத்தராக மாறிவிடுவார் என்பதை 1890-களிலேயே படமாக எடுத்துக் காட்டியவர். புதுச்சேரியை ஆண்ட அதே பிரெஞ்சுக்காரர்களின் படங்கள்தான் அன்றைக்கு இந்தியக் கொட்டகைகளிலும் அதிகம் ஓடின. அதனால் தந்திரக் காட்சிகளைக் கண்டுபிடித்தவர் பால்கே என்று சொன்னால் அது தப்பு. அவற்றைச் சொந்தமாகச் செய்துபார்த்து, இங்குள்ள கதைகளுக்குப் பொருத்தியவர் அவர்.

இடையில் தொல்லியல் துறையில் வேலை பார்த்தார், சுதேசி இயக்க வேகத்தில் அதை விட்டார். லோனாவ்லாவில் அச்சகம் தொடங்கி, ரவிவர்மா அச்சகத்தின் சாமி படங்களுக்கு வேலை செய்து கொடுத்தார். கலர் அச்சு கற்க ஜெர்மனி போய் வந்தார். கூட்டாளிகளோடு சண்டை வந்ததும் அதையும் விட்டார். நாற்பது வயதில் கையில் வேலை இல்லை. வீட்டில் இரண்டாவது மனைவி சரஸ்வதிபாய், குழந்தைகள்.

கண்ணை அடகு வைத்த வருஷம்

1911-ல் பம்பாய் கிர்காவில் ஒரு கொட்டகையில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மௌனப் படம் பார்த்தார். திரையில் இயேசு நடக்க நடக்க, அவர் மனசுக்குள் ராமரும் கிருஷ்ணரும் நடந்தார்கள். நம்ம சாமிகள் எப்போது இப்படித் திரையில் வரும் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. காலண்டர் சாமிகளை அச்சடித்த கைக்கு அந்த யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை.

அப்புறம் வெறிதான். தினமும் படம், வீட்டுக்கு வந்தால் ஃபிலிம் துண்டுகளை வைத்து ஆராய்ச்சி, சரியான தூக்கம் கிடையாது. விளைவு, கண் பார்வை போனது. டாக்டர் விதவிதமான கண்ணாடிகள் போட்டுச் சிகிச்சை கொடுத்துத்தான் பார்வை மெல்லத் திரும்பியது. ஓவியமும் போட்டோவும் தெரிந்த ஆளுக்குக் கண்தான் முதலீடு. அது திரும்பி வந்ததும் மறுபடி அதே வேலையில் போட்டார்.

ஆயுள் காப்பீட்டு பாலிசியை அடகு வைத்து, 1912 பிப்ரவரியில் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே ஒரு சினிமா வாரப் பத்திரிகையின் ஆசிரியர் உதவியால், செசில் ஹெப்வொர்த் என்ற தயாரிப்பாளரின் ஸ்டுடியோவைச் சுற்றிப் பார்த்தார். வில்லியம்சன் கேமரா, ஃபிலிமுக்குத் துளை போடும் கருவி, பிரிண்ட் போடும் மெஷின் எல்லாம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். அதே வருஷங்களில் தென்கோடியில், புதுச்சேரியில் தஞ்சம் புகுந்திருந்த பாரதியார் கண்ணனைத் தமிழில் பாடிக்கொண்டிருந்தார். இங்கே ஒருத்தர் அதே கண்ணனைக் கேமராவுக்குள் கொண்டுவர வழி தேடிக்கொண்டிருந்தார்.

பணம் வாங்கித் தந்த பட்டாணி

படம் எடுக்கப் பணம் வேண்டும். பணம் போட வேண்டியவர்களோ, இந்த ஆளுக்குப் படம் எடுக்கத் தெரியுமா என்று சந்தேகப்பட்டார்கள். பால்கே பேசிப் புரியவைக்கவில்லை. ஒரு தொட்டியில் பட்டாணியை நட்டார். கேமராவை அதன் முன்னால் அசையாமல் நிறுத்தினார். ஒரு மாதத்துக்கும் மேல், விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்தார். ஓட்டிக் காட்டினால், மண்ணைப் பிளந்து முளை வந்து, செடி கண் முன்னால் மளமளவென்று வளர்கிறது!

இன்றைக்கு போனில் டைம்லேப்ஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அன்றைக்கு அதற்கு ஒரே வழி, கேமராவின் கைப்பிடியைத் திருப்பும் அளவைத் தானே தீர்மானிப்பது. அந்தக் காலக் கேமராவில் ஒரு சுற்றுக்கு 8 பிரேம், நொடிக்கு இரண்டு சுற்று என்பதுதான் வழக்கம். கையின் வேகம்தான் படத்தின் வேகம். சுற்றை நிறுத்தினால் காலம் நின்றது, இடைவெளி விட்டால் காலம் தாவியது. மின்சார மோட்டார் இல்லாததை ஒரு குறை என்று நினைக்கத் தோன்றும். எஃபெக்ட் செய்கிறவருக்கு அது வசதி.

ஒருத்தரையே ஒரே பிரேமில் இரண்டு பேராகக் காட்டும் குளோன் எஃபெக்டுக்கும் அன்றைக்கு வழி இருந்தது. லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்பாக மறைத்து மறு பாதியில் மட்டும் படம் பிடிப்பார்கள். ஃபிலிமைப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து, மறைப்பை மாற்றி, அதே ஃபிலிமில் மறுபடி படம் பிடிப்பார்கள். எத்தனை சுற்று சுற்றினோம் என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணிக்கை தப்பினால் ஒரு நாள் வேலை காலி. அன்டூ கிடையாது. சரியாக வந்ததா என்பதும் ஃபிலிமைக் கழுவின பிறகுதான் தெரியும்.

அந்தக் கழுவுகிற வேலையைப் பார்த்தவர் யார்?

சரஸ்வதிபாய். பால்கே பற்றிய கட்டுரைகளில் இவர் நகையைக் கொடுத்த மனைவியாக ஒரு வரியில் வந்துவிட்டுப் போவார். உண்மையில் அந்தக் கம்பெனியின் டெக்னீஷியன் அவர்தான். அன்றைக்குக் கச்சா ஃபிலிம் ஓரத்தில் துளை இல்லாமல் வரும். ராத்திரி இருட்டில், தடவிப் பார்த்தே அதற்குத் துளை போட வேண்டும். துளை கொஞ்சம் தள்ளிப்போனாலும் திரையில் படம் ஆடும். இரண்டு தடவை ஒளி பட வேண்டிய தந்திரக் காட்சியில் ஒரு உருவம் மட்டும் தனியாக நடுங்கி, குட்டு வெளிப்பட்டுவிடும். அந்த நுணுக்கமான வேலை அவருடையது. ரசாயனம் கலக்குவது, ஃபிலிம் கழுவுவது, வெயிலைத் திருப்ப வெள்ளைத் துணியைப் பிடித்து நிற்பது, இத்தனைக்கும் நடுவில் படக்குழுவில் இருந்த அறுபது எழுபது பேருக்குச் சமைத்துப் போடுவது என்று எல்லாம் அவர் தலையில்தான்.

‘ராஜா ஹரிச்சந்திரா’ 1913 மே 3-ல் பம்பாய் கொரோனேஷன் கொட்டகையில் வெளியானது. நடிக்கப் பெண்கள் யாரும் முன்வரவில்லை. அதனால் ஓட்டலில் சமையல் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞர் தாராமதி ஆனார். பால்கேயின் மகன் பாலச்சந்திரா லோகிதாசன் ஆனான். படம் ஓடியது. பால்கே குடும்பத்தோடு நாசிக்குக் குடிபோனார்.

வால் நெருப்பும் மாட்டு வண்டியும்

1917-ல் வந்த ‘லங்கா தகன்’தான் அவருடைய பெரிய வெற்றி. ராமராகவும் சீதையாகவும் நடித்தது அதே சாளுங்கே. அது கேமரா தந்திரம் இல்லை, வேஷம் மாற்றியதுதான். தந்திரம் எல்லாம் அனுமார் பக்கம். செட்டுக்குத் தீ வைத்து இலங்கை எரிந்தது, அனுமார் வானத்தில் பறந்து சின்னதாகிக்கொண்டே போனார். கொட்டகையில் ராமர் திரையில் வந்ததும் ஜனங்கள் கும்பிட்டார்கள். சென்னையில் இந்தப் படத்தின் வசூல் நாணயங்களை மூட்டை கட்டி, போலீஸ் காவலோடு மாட்டு வண்டியில் கொண்டுபோனதாக ஒரு கதை உண்டு.

சென்னையில் பால்கே படங்களின் தாக்கம் வசூலோடு முடியவில்லை. மோட்டார் உதிரி பாகங்கள் விற்ற நடராஜ முதலியார், அவற்றைப் பார்த்து உந்தப்பட்டு, கீழ்ப்பாக்கத்தில் ஸ்டுடியோ போட்டு ‘கீசக வதம்’ எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம் அது. தமிழிலும் தெலுங்கிலும் புராணப் படமும் தந்திரக் காட்சியும் பிரியாமல் வளர்ந்தன. 1957-ன் ‘மாயா பஜாரில்’ கடோத்கஜன் வாய்க்குள் பலகாரம் தானாகப் பறந்து போவது வரைக்கும் அந்தப் பாதை நீளும்.

1918-ல் வந்த ‘ஸ்ரீ கிருஷ்ண ஜன்மா’வில் பயந்துபோன கம்சனின் தலை உடம்பைவிட்டுக் கிளம்பி மேலே போய், மறுபடி கழுத்தில் வந்து உட்காரும். அடுத்த வருஷம் ‘காளிய மர்தன்’. அதில் கிருஷ்ணர் வேஷம் போட்டது பால்கேயின் மகள் மந்தாகினி. சின்னப் பெண். பாம்போடு தண்ணீருக்குள் சண்டை போடுகிற காட்சி இன்றைக்குப் பார்த்தாலும் சிரிப்பு வராது, ரசிக்கத்தான் தோன்றும்.

கம்பெனி கைவிட்டுப் போனது

வெற்றி வந்ததும் பணக்காரக் கூட்டாளிகளும் வந்தார்கள். 1918-ல் இந்துஸ்தான் சினிமா கம்பெனி உருவானது. காட்சி சரியாக வரும்வரை செலவைப் பற்றிக் கவலைப்படாத ஆளும், ஒவ்வொரு அடி ஃபிலிமுக்கும் கணக்குக் கேட்கிற முதலாளிகளும் ரொம்ப நாள் ஒத்துப்போகவில்லை. பால்கே கோபித்துக்கொண்டு காசிக்குப் போய் நாடகம் எழுதினார். சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தார், ஆனா பழைய இடம் கிடைக்கவில்லை.

அதற்குள் பேசும் படம் வந்துவிட்டது. 1932-ல் அவர் எடுத்த ‘சேது பந்தன்’ ஊமைப் படமாக எடுக்கப்பட்டு, பிறகு குரல் சேர்க்கப்பட்டது. கண்ணுக்காகப் படம் எடுத்தவர் காதுக்காக எடுக்க வேண்டியதாகிவிட்டது. 1937-ல், 67 வயதில், கோலாப்பூர் கம்பெனி ஒன்றுக்காக ‘கங்காவதரண்’ இயக்கினார். அவர் நேரடியாகப் பேசும் படமாக எடுத்தது அது ஒன்றுதான். வானத்திலிருந்து கங்கை இறங்கி வரும் கதையை அந்த வயதில் தேர்ந்தெடுத்ததிலிருந்தே, ஆள் மாறவில்லை என்பது தெரியும்.

1944 பிப்ரவரி 16-ல் நாசிக்கில் இறந்தார். சினிமா உலகம் அதற்கு முன்பே அவரைக் கடந்து போயிருந்தது. அவர் பெயரில் விருது 1969-ல் தொடங்கியது. சிவாஜி கணேசன், கே.பாலசந்தர், ரஜினிகாந்த் ஆகியோர் அதைப் பெற்ற தமிழ்த் திரைக்காரர்கள்.

அவருடைய படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. அன்றைய ஃபிலிம் எளிதில் தீப்பற்றும், மட்கும். ‘ராஜா ஹரிச்சந்திரா’வே முழுசாக இல்லை. தப்பிப் பிழைத்த துண்டுகளில் ஒன்று, படம் எப்படித் தயாராகிறது என்று காட்ட அவரே எடுத்த குறும்படம். இன்றைய மொழியில் சொன்னால் மேக்கிங் வீடியோ. கறுப்பு வெள்ளையில், கையில் ஃபிலிம் சுருளோடு, பால்கே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.